வெப்சைட்டுகளுக்கு நான் மார்க் போட்ட கதை

இரண்டாயிரத்து மூன்று என்று நினைக்கிறேன். எனக்கு ஊர் குரும்பலூர். பக்கத்தில் பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம் என்றால் பயப்பட வேண்டாம். மவுஸை எப்படிப் பிடிப்பது, லெட்டரை எப்படி அடிப்பது, அடித்த லெட்டரை எங்கே வைத்தோம் என்று எப்படித் தேடுவது, அவ்வளவுதான். சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றில் மட்டும் இன்டர்நெட் வரும். என் நாற்காலி அதற்கு முன்னால் கிடந்ததால் எனக்கு 'நெட் தெரிஞ்ச மேடம்' என்று ஒரு பெயர். எனக்குத் தெரிந்தது இமெயில் பார்ப்பதும் பரீட்சை ரிசல்ட் எடுப்பதும்தான். ஆனாலும் அந்தப் பெயரை நான் மறுத்ததில்லை. மறுக்கிற அளவுக்கு எனக்கு வேறு பெயர்களும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம், பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கல்லூரியிலிருந்து கம்ப்யூட்டர் துறைத் தலைவர் மாடியேறி வந்தார்.

"சுத்துவட்டாரக் காலேஜ் பசங்களுக்கு வெப்சைட் போட்டி வைக்கிறோம் மேடம். நீங்க ஜட்ஜா வரணும்."

"மொத்தம் எத்தன ஜட்ஜ் சார்?"

"மூணு பேரு. ஒருத்தரு திருச்சிலேர்ந்து வரேன்னுருக்காரு, வருவாரான்னு தெரியல. இன்னொருத்தன் நான். எனக்கு அன்னிக்கு மேடை வேலை இருக்கும்."

ஆக, நான் ஒருத்திதான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். "எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அவர் எழுந்து போய்விடுவாரோ என்ற பயத்தில் உடனே ஒத்துக்கொண்டேன்.

வெப்சைட்டுக்கு எதைப் பார்த்து மார்க் போடுவது? தெரியாது. நெட்டிலேயே தேடினேன். போன் லைன் இரண்டு தடவை அறுந்து, மூன்றாவது தடவையில் ஒரு பக்கம் திறந்தது. 'நல்ல வெப்சைட்டுக்குப் பத்து அடையாளங்கள்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துகள் ஓட வேண்டும், படங்கள் அசைய வேண்டும், பாட்டுக் கேட்க வேண்டும், கண்ணைப் பறிக்கிற நிறம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை பேர் வந்து போனார்கள் என்று காட்டுகிற எண்ணிக்கைப் பெட்டி கட்டாயம் வேண்டும். யார் எழுதியது, எதற்காக எழுதியது என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. முதலில் திறந்தது, ஆங்கிலத்தில் இருந்தது, பத்து என்று ரவுண்டாக இருந்தது. இது போதாதா? மூன்று பக்கத்தில் இரண்டு பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்தேன், பேப்பர் மிச்சம். அடையாளத்துக்குப் பத்து மார்க் என்று நூறு மார்க்குக்கு ஒரு தாளும் தயார் செய்துகொண்டேன்.

போட்டி நாளன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். திருச்சிக்காரர் வரவில்லை. துறைத் தலைவர் மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டு வெப்சைட்டுகள் போட்டிக்கு வந்தன. முக்கால்வாசி ஃப்ளாப்பிக்குள் இருந்தன. நிஜமாகவே நெட்டில் போட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அதில் ஒன்றை நான்கு மாணவர்கள் சேர்ந்து செய்திருந்தார்கள். திறந்ததுமே நாதஸ்வரம் கேட்டது. 'அரியலூர் மாவட்டம் உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று சிவப்பு எழுத்து இடமிருந்து வலமாகவும், மஞ்சள் எழுத்து வலமிருந்து இடமாகவும் ஓடின. இரண்டும் நடுவில் மோதிக்கொள்ளும்போது ஒரு மயில் தோகை விரித்தது. கோயில், சிமெண்ட், முந்திரி, பஸ் நேரம் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம். கீழே எண்ணிக்கைப் பெட்டியில் தொண்ணூற்றெட்டாயிரத்துச் சொச்சம்.

"இத்தன பேர் பாத்துருக்காங்களா?" என்றேன்.

"ஆமா மேடம்," என்றான் ஒருவன். மற்ற மூன்று பேரும் மயிலைப் பார்த்தார்கள்.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறுபடி பெரம்பலூரோடு சேர்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த மாவட்டமே அப்போது இல்லை. தினமும் சென்டர் பதிவேட்டில் 'பெரம்பலூர் மாவட்டம்' என்று என் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தவள் நான். எனக்கு அது உறைக்கவே இல்லை. தொண்ணூற்றைந்து மார்க் போட்டேன். அந்த ஐந்தைக் குறைத்ததுகூட, முழுசாகப் போட்டால் எனக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துவிடுவார்களே என்பதற்காகத்தான்.

கடைசியாக வந்தது ஒரு பெண். வரதராஜன்பேட்டைப் பக்கம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வெப்சைட் வெள்ளையாக இருந்தது. படம் இல்லை, பாட்டு இல்லை. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் சுற்றி இருக்கிற கிராமங்களின் பெயர்கள், எதிரே பஸ் வரும் நேரங்கள். ஒவ்வொரு ஊருக்குக் கீழேயும், எந்தத் தேதியில் யாரிடம் கேட்டு எழுதியது என்று ஒரு வரி. கடைசியில், தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று அவள் பெயரும் இமெயிலும்.

"ஒரு படம்கூட இல்லையேம்மா?"

"படம் போட்டா தொறக்க நேரமாவுது மிஸ். பஸ்ஸுக்கு அவசரமாப் போறவங்கதான பாப்பாங்க?"

"கவுண்ட்டராவது வைக்கலாம்ல?"

"எத்தன பேரு பாத்தாங்கன்னு தெரிஞ்சி பஸ் ஏறப் போறவங்களுக்கு என்ன மிஸ்?"

அவள் திமிராகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். நான்தான் பதில் தெரியாததை மறைக்க முகத்தை இறுக்கிக்கொண்டேன். முப்பத்திரண்டு மார்க். அதோடு விட்டிருக்கலாம். மேடையில் பேசும்போது, "சில வெப்சைட்டு ரேஷன் கார்டு மாதிரி இருக்கு. பாக்கறவங்க மனசக் கவர வேண்டாமா?" என்று கேட்டு ஒரு சிரிப்பும் வாங்கினேன். அவள் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்தாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து என் நாத்தனாருக்கு வளைகாப்பு. அவளைக் கொடுத்திருந்தது ஆண்டிமடம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில். என் வீட்டுக்காரரும் மாமியாரும் கலவை சாதத்துக்கு வேண்டியதைத் தூக்கிக்கொண்டு முதல் நாளே போய்விட்டார்கள். எனக்கு சென்டரில் சாயங்காலம் வரை பரீட்சை வேலை இருந்ததால், மறுநாள் காலையில் வருவதாக ஏற்பாடு. பிறந்த வீட்டு வளையல் முழுவதும் என் பையில். பத்தரை மணிக்குமேல் நல்ல நேரம்.

"வெள்ளனவே கெளம்பிடு. ஜெயங்கொண்டத்துல எறங்கி பஸ்ஸ்டாண்டுல யாரையாச்சும் கேட்டுக்க," என்றார் வீட்டுக்காரர்.

"யாரையும் கேக்க வேணாம். எங்கிட்ட பிரிண்ட் அவுட் இருக்கு," என்றேன்.

முதல் பரிசு வாங்கிய அந்த மயில் வெப்சைட்டின் பஸ் பக்கத்தைத்தான் சொன்னேன். நான் தேர்ந்தெடுத்தது ஆயிற்றே. ஒன்பது நாற்பதுக்கு ஜெயங்கொண்டத்திலிருந்து அந்தக் கிராமத்துக்கே நேர் பஸ் என்று அதில் போட்டிருந்தது.

ஒன்பது மணிக்கே ஜெயங்கொண்டம் வந்துவிட்டேன். டீ குடித்துவிட்டு நிற்கிறபோது ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லியே கூவினார். கூட்டமான கூட்டம். படியிலேயே நாலு பேர். அந்தப் பக்கம் போகிற அம்மா ஒருவர், "ஏறும்மா, இத வுட்டா மத்தியானந்தான்," என்றார்.

"இல்லிங்க, ஒம்போது நாப்பதுக்கு நேர் பஸ் இருக்கு."

"எனக்குத் தெரிஞ்சி இல்லியே."

"நெட்டுல போட்டுருக்காங்க," என்றேன், காகிதத்தைக் காட்டி.

அந்த அம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏறிக்கொண்டார். கண் முன்னால் நின்ற பஸ்ஸை விட்டுவிட்டு, காகிதத்தில் இருந்த பஸ்ஸுக்காக நின்ற ஒரே ஆள் அன்றைக்கு அந்த பஸ் ஸ்டாண்டில் நான்தான்.

ஒன்பது நாற்பது ஆயிற்று. பத்தும் ஆயிற்று. டைம் கீப்பர் அறை ஜன்னலுக்குப் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் காகிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இது எந்தக் காலத்து நேரம்? இந்த பஸ்ஸ நிறுத்தி ரெண்டு வருசம் இருக்கும். யாரு குடுத்தா?"

"வெப்சைட்டுல..."

"எங்கிட்ட வந்து கேட்டு எழுதிக்கிட்டா சரியா இருக்கும். பேட்டைலேர்ந்து ஒரு பொண்ணு மாசாமாசம் நோட்டோட வந்துடும். போன வாரங்கூட வந்துச்சு. அது கம்ப்யூட்டர்ல என்னமோ போடுதாம். அதப் பாத்துருக்கலாம்ல நீங்க?"

பார்த்தேனே. பார்த்து முப்பத்திரண்டு மார்க்கும் போட்டேனே. அவரிடம் இதைச் சொல்லவா முடியும்? "சரிங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஆண்டிமடம் வரைக்கும் வேறு பஸ்ஸில் போய், அங்கே ஆட்டோ கிடைக்காமல் அலைந்து, கடைசியில் வைக்கோல் ஏற்றிப் போன டிராக்டரில் முன்னால் தொற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போய் இறங்கியபோது ஒன்றே கால் மணி. தலையெல்லாம் வைக்கோல். நல்ல நேரம் போய்விடும் என்று, கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பிக் கிடைத்த வளையலை வாங்கி வந்து நாத்தனாருக்கு அடுக்கிவிட்டிருந்தார்கள். மாமியார் என் கையிலிருந்த பையை வாங்கி ஒரு மூலையில் வைத்தார். வீட்டுக்காரர்தான் பந்தியில் எனக்கு இலை போட்டுக்கொண்டே கேட்டார்:

"பிரிண்ட் அவுட்ல வைக்கோல் வண்டியும் போட்டுருந்துச்சா?"

புளிசாதமும் தயிர்சாதமும்தான் மிச்சம் இருந்தன. நாத்தனார் மட்டும் நல்லவள். நான் கொண்டுபோன வளையலையும் கைக்கு ஆறாகப் போட்டுக்கொண்டு, "அண்ணி வளையல்தான் சத்தம் நல்லாருக்கு," என்றாள்.

மறுநாள் சென்டருக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் 'பத்து அடையாளங்கள்' பக்கத்தை மறுபடி திறந்தேன். பேப்பர் மிச்சம் என்று நான் பிரிண்ட் எடுக்காமல் விட்ட மூன்றாவது பக்கத்தின் கடைசியில் இருந்தது: 'உங்கள் வெப்சைட்டுக்கு எண்ணிக்கைப் பெட்டி வேண்டுமா? எங்களிடம் வாங்குங்கள்.' ஓடும் எழுத்து, அசையும் படம், பாட்டு எல்லாமே அவர்கள் கடைச் சரக்கு. கத்தரிக்காய் விற்கிறவனிடம் போய் நல்ல குழம்புக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதையே நூறு மார்க்குக்குத் தாளாக அடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

துறைத் தலைவருக்குப் போன் செய்து மார்க்கைத் திருத்த வேண்டும் என்றேன்.

"மேடம், கோப்பை குடுத்தாச்சு. போட்டோ பேப்பர்ல வந்துடுச்சு. அதுல நீங்க நல்லா விழுந்துருக்கீங்க," என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச எனக்குத் தைரியமில்லை. போட்டோவில் நல்லா விழுந்திருக்கிறேனா என்று பேப்பரைத் தேடிப் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இமெயில் எழுதினேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லை. முதல் தடவை எழுதியது மன்னிப்பு மாதிரியே இல்லை, அறிவுரை மாதிரி இருந்தது. அழித்துவிட்டு, ஜெயங்கொண்டத்தில் நின்றது, டிராக்டர், வைக்கோல், எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதினேன். உன் வெப்சைட்டுக்குத்தான் முதல் பரிசு கொடுத்திருக்க வேண்டும், மேடையில் கிண்டல் செய்தது தப்பு என்றும் எழுதினேன்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. பரவாயில்லை என்றோ, நன்றி என்றோ ஒரு வார்த்தை இல்லை. 'மிஸ், ரேஷன் கார்டுன்னு சொன்னப்ப எனக்கு அழுகை வந்துச்சு. நீங்க குரும்பலூர்னு சொன்னாங்க. அந்தப் பக்கத்து நேரம் எங்கிட்ட இல்ல. எழுதி அனுப்ப முடியுமா?' என்று ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தாள்.

முதல் வரியை நாலைந்து தடவை படித்தேன். அப்புறம், இதுகூடவா தெரியாது, பிறந்ததிலிருந்து குரும்பலூரில் ஏறி இறங்குகிறவள் ஆயிற்றே என்று, உட்கார்ந்த இடத்திலேயே பதினான்கு பஸ் நேரம் எழுதி அன்றைக்கே அனுப்பிவிட்டேன். மறுநாளே திரும்பி வந்தது.

'இது நேர்ல பாத்ததா, நினைவுலேர்ந்து எழுதினதா மிஸ்? தேதி போடலியே.'

ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாகக் குரும்பலூர் ஸ்டாப்பில் காலையும் மாலையும் நின்றேன். "என்னங்க மேடம், செக்கிங்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஓய்ந்துபோனேன். நான் நினைவிலிருந்து எழுதிய பதினான்கில் ஐந்து தப்பு. ஒரு பஸ் அந்த வழியே வருவதில்லை. நான் சென்டரில் இருக்கிற மத்தியான நேரத்து பஸ்களை ஸ்டாப்புக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர்தான் குறித்துக் கொடுத்தார். அவருடைய கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எதை யார் பார்த்து எழுதியது என்று தேதியோடு சேர்த்து அவளுக்கு அனுப்பினேன்.

மாதக் கடைசியில் அவளுடைய வெள்ளைப் பக்கத்தில் குரும்பலூர் சேர்ந்தது. கீழே தேதி போட்டு ஒரு வரி: 'டீக்கடைக்காரர் ஒருவர் பார்த்து எழுதியது. கம்ப்யூட்டர் மிஸ் உதவி செய்தார்.'