தளும்பத் தளும்ப ஒரு ஜெனரேட்டர்

எங்கள் வீட்டு ஜெனரேட்டர் பயணம் போனால் வெறும் வயிற்றோடுதான் போகும். முந்தின நாளே அதை ஓடவிட்டு, இருக்கிற பெட்ரோலைக் குடித்து முடித்துத் தானாக நிற்கும்வரை விடுவோம். நன்றாக ஆறின பிறகு துடைத்து, மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்துத் தகரக்கூரையின் கீழே நிமிர்த்தி வைப்போம். அடுப்படிப் பக்கம் அதற்கு அனுமதி இல்லை. வண்டியில் ஏற்றினால் சாயாமல் இரண்டு பக்கமும் கயிறு, மேலே தார்ப்பாய் கிடையாது, பெட்ரோல் தனியாக மூடி இறுக்கின கேனில். அது பின்னால் ஏறிவிட்டால் ஆள் யாரும் பின்னால் ஏறக் கூடாது.

இத்தனை சட்டமும் போட்டது யார் என்கிறீர்கள்? அதே ஜெனரேட்டரைத் தளும்பத் தளும்ப நிரப்பி, பொட்டு வைத்து அனுப்பிய என் நாத்தனார்தான்.

அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் குலதெய்வம் பனித்திட்டுக்குப் பக்கத்தில், கடலோரம் ஒரு சவுக்குத்தோப்புக்குள் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருதரம் ஒதியம்பட்டிலிருந்து எங்கள் குட்டியானைச் சரக்கு வண்டியில் போய், பொங்கல் வைத்து, ராத்திரி வண்டியிலேயே படுத்து, மறுநாள் திரும்புவது வழக்கம். எனக்கு வீசிங் வந்ததிலிருந்து நான் போகவில்லை. எந்த நேரத்தில் மூச்சு இழுக்கும், எந்த நேரத்தில் நெபுலைசர் வைக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. தோப்பிலோ கரண்ட் கிடையாது. "சாமிக்கு வராத மருமக" என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் அதைவிட, அந்தத் தோப்பில் ஒரு ராத்திரி படுத்துக் கடல் சத்தம் கேட்க வேண்டும் என்று ஏக்கமாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. ஒரு வைகாசியில், பழைய ஜெனரேட்டர் ஒன்றை விலைக்கு வாங்கி வந்து வாசலில் இறக்கினார். "இந்த வாட்டி நீ வர்ற," என்றார், அவ்வளவுதான். சாயங்காலம் அதை ஓட்டிப் பார்த்தோம். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. எனக்கு மட்டும் அந்தச் சத்தம் இனிமையாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் டயருக்குக் காற்றடிக்கப் போன நேரத்தில் அண்ணி வேலையைத் தொடங்கினார். குலதெய்வத்துக்குக் கொண்டுபோகிற எதுவும் குறையாகப் போகக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். எண்ணெய்ச் செம்பு, அரிசிக் கூடை, எங்கள் கிணற்றுத் தண்ணீர் எடுத்த பித்தளைக் குடம், எல்லாம் விளிம்புவரை நிறைய வேண்டும். ஜெனரேட்டரின் மூடியைத் திறந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாடி இது, பாதிகூட இல்ல? கோயிலுக்குப் போற பொருளு!"

கேனைக் கவிழ்த்து விளிம்புவரை ஊற்றி, மூடியைத் திருகி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் கட்டினார். மூடியின் மேல் காற்று போக ஒரு சின்னத் திருகு உண்டு. ஓடும்போது திறந்திருக்க வேண்டும், ஓடாதபோது மூடியிருக்க வேண்டும். முந்தின சாயங்காலம் திறந்தது திறந்தபடியே இருந்தது. அதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பொட்டு வைத்ததும் ஜெனரேட்டருக்கு ஒரு களை வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

முன்னால் வீட்டுக்காரரும், குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அண்ணியும் உட்கார்ந்தார்கள். குடத்தைத் தரையில் வைக்கக் கூடாதாம். பின்னால் மெத்தை போட்டு நான். என் காலடியில், சாக்கின் மேல் கயிறு போட்டுக் கட்டின ஜெனரேட்டர். தூசி பட்டால் எனக்கு இழுக்கும் என்று நாலு பக்கமும் தார்ப்பாயை இறுக்கிக் கட்டச் சொன்னது நானேதான். மூக்கின் மேல் நீலகிரித் தைலம் தெளித்த துணி ஒன்றையும் போட்டுக்கொண்டேன்.

வில்லியனூர் தாண்டியதுமே வெயில் ஏறிவிட்டது. தார்ப்பாய்க்குள் நீலமாக ஒரு வெளிச்சம். அதில் ஊசிக்கண் போல ஒரு ஓட்டை இருந்தது. அது வழியாக வெளியே இருப்பதெல்லாம் எதிர்ப்பக்கத்துத் தார்ப்பாயில் தலைகீழாக விழுந்தது. தென்னை மரங்கள் வேர் மேலாக, மட்டை கீழாக மெதுவாகப் போயின. ஒரு கரும்பு டிராக்டர் சக்கரங்களை வானத்தில் உருட்டிக்கொண்டு போனது. பாகூர் ஏரி வந்தபோது தண்ணீர் என் தலைக்கு மேலே பளபளத்தது. கொக்குகள் கீழே பறந்தன. நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று தெரியவில்லை. உடம்பு பஞ்சாகிவிட்டது. அம்மா வீட்டில் நான் சின்னப் பெண்ணாகத் தூங்கின மதியங்கள், கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் கேட்ட சேவல் சத்தம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படுத்துக்கொண்டன. மூச்சுகூட நன்றாக இருப்பதாகத்தான் தோன்றியது. என் ஆயுளில் அவ்வளவு நிம்மதியாக நான் கிடந்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இன்றைக்கும் எப்போதாவது அந்த நிம்மதியை நினைத்துப் பார்க்கிறேன், பயத்தோடு.

வண்டி நின்றது. கடல் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் பூசாரியைப் பார்க்கப் போனார். போய்ச் சேர்ந்ததும் வண்டிக்குக் கற்பூரம் காட்டின பிறகுதான் ஆள் இறங்க வேண்டும், அதுவும் வழக்கம். வெளியே அண்ணி தீக்குச்சி கிழிக்கும் சத்தம் கேட்டது. கடல் காற்று அணைத்தது. மறுபடி கிழித்தார், மறுபடி அணைந்தது.

"சாமி இன்னா இன்னிக்கு இப்பிடி சோதிக்குது?" என்று முணுமுணுத்தபடி பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கித் தலையையும் கையையும் உள்ளே விட்டார், காற்றுக்கு மறைவாக. ஒரு கையில் தட்டு, தட்டில் கற்பூரம். தீப்பெட்டியை எடுத்தார். அவர் முகத்தில் நீல வெளிச்சம் விழுந்து அம்மன் மாதிரி இருந்தார். ஏற்றட்டும், எவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அப்போது மூக்கிலிருந்த துணி நழுவியது.

பெட்ரோல். மூக்கு, தொண்டை, கண் எல்லாம் பெட்ரோல். கத்த நினைத்தேன், நாக்கு புரளவில்லை. கை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கால் மட்டும் அவர் பக்கமாக நீட்டியிருந்தது. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து உதைத்தேன். தட்டும் கற்பூரமும் தீப்பெட்டியும் வெளியே மணலில் போய் விழுந்தன.

"அடிப்பாவி! சாமி தட்டக் கால்ல ஒதைக்கிறியா? வேற வூட்லேர்ந்து வந்தவதான நீ!" என்று அலறி, என்னைக் கீழே இழுத்துப் போடப் பாதத்தைப் பிடித்தார் அண்ணி.

பிடித்தவர் அப்படியே நின்றார். கை நனைந்திருந்தது. அதுவரை கற்பூர வாசனை மட்டுமே ஏறியிருந்த மூக்கிடம் உள்ளங்கையைக் கொண்டுபோனார். சாக்கைப் பார்த்தார், மெத்தையின் ஈரத்தைப் பார்த்தார், குங்குமம் கரைந்து வழிந்த மூடியைப் பார்த்தார். அப்புறம், "டேய், ஓடியாடா! பீடி கீடி புடிச்சிகினு எவனும் கிட்ட வராதீங்க!" என்று தோப்பே அதிரக் கத்தினார்.

வீட்டுக்காரர் ஓடி வந்து தார்ப்பாயை அவிழ்த்தார். என்னைத் தூக்கி, காற்று வரும் பக்கம் ஒரு சவுக்கு மரத்தில் சாய்த்து உட்காரவைத்து, இன்ஹேலர் பம்பை எடுத்து வாயில் வைத்து அழுத்தினார். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. ஜெனரேட்டரைத் தனியாகத் தூக்கிப்போய் வெறும் மணலில் வைத்துவிட்டு வந்தார். என் மூச்சுக்காக வந்தது அது. அன்று முழுக்க அதன் பக்கம் யாரும் போகவில்லை.

என் கால்கள் எரிந்தன. அண்ணி வண்டியின் முன்பக்கம் போய், சீட்டில் வைத்திருந்த குடத்தைத் தூக்கி வந்தார். மேலே மூடியிருந்த வாழையிலையை எடுத்தார்.

"யக்கா, அது சாமித் தண்ணி," என்றார் வீட்டுக்காரர்.

"தெரியும், போடா."

மணலில் குந்தி உட்கார்ந்து என் பாதத்தில் ஊற்றினார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்து மறுபடி ஊற்றினார். வழியெல்லாம் ஒரு சொட்டு சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்த தண்ணீர். நான் காலை இழுத்துக்கொண்டேன். விடவில்லை.

பூசை நேரத்தில் பூசாரி குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, கொடம் பாதிதான் கீது?"

அண்ணி என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "எங்க வூட்டுப் பொண்ணு காலுக்கு ஊத்திட்டேன்பா. மீதியச் சாமிக்கு வை."

பூசாரி மீதியை வைத்தார்.