மாப்பிள்ளைக்கு ரிமோட்டில் மேக்கப்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஊரை நம்பவைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அதை நானே நம்பிவிட்டேன். அதுதான் தப்பு.

நண்பன் முரளிக்கு அசோக் நகரில் பேனர் பிரின்ட் செய்யும் கடை. அன்று மாலை அடையாறில் அவன் மகளுக்கு ரிசப்ஷன். மத்தியானம் மண்டபத்திலிருந்து போன்.

"டேய், மேடைக்குப் பின்னாடி கட்டுற பேனர்ல மாப்ள பேருக்குப் பக்கத்துல எம்.டெக். போடலையாம். சம்பந்தி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்காரு. டிசைனர் வேற லீவு. நீ ரிமோட்ல உள்ள போய்ப் போட்டு விட்டுடுடா. பிரின்ட்டை செல்வி பாத்துக்கும்."

மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு அசோக் நகர் கம்ப்யூட்டரை ஆட்டிவைப்பதா! ராக்கெட் விடப்போகிற குஷி எனக்கு.

கனெக்ட் செய்தேன். திரை முழுக்கக் கறுப்பு. துண்டித்து, மறுபடி சேர்த்தேன். வந்துவிட்டது! எம்.டெக். போட்டேன். அப்புறம்தான் பேனரில் மணமக்கள் போட்டோவைப் பார்த்தேன்... இரண்டு முகமும் பச்சை. கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகத் திட்டு. கல்யாண மேடையில் இப்படியா நிற்க வைப்பது?

விடுவேனா? சிவப்பை ஏற்றினேன். மஞ்சளை ஏற்றினேன். மாப்பிள்ளைக்குக் களை வந்தது. பிரின்ட்டுக்கு அனுப்பிவிட்டுக் காபி போடப் போனேன் — விசிலடித்துக்கொண்டே.

கடையில் மெஷின் ஓட்டும் செல்வியிடமிருந்து போன்.

"சார், இன்னா சார் பண்ணீங்க? மாப்ள தக்காளி மாதிரி கீறாரு!"

"என் ஸ்கிரீன்ல நல்லாத்தானேம்மா இருக்கு?"

சொல்லும்போதே அந்த 'என் ஸ்கிரீன்' உறுத்தியது. ரிமோட் செட்டிங்கைத் திறந்தேன். நெட் மந்தம் என்பதால் சாஃப்ட்வேர் கலரைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. தரத்தை உச்சத்துக்கு மாற்றினேன்... ஐயோ! என் திரையிலும் தக்காளி. அவர்கள் முகத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை. பச்சையடித்தது என் திரை மட்டும்தான்!

நல்லவேளை, ஃபைலை மூடவில்லை. என் கைவண்ணத்தை ஒவ்வொன்றாக அழித்தேன். எம்.டெக். மட்டும் தப்பித்தது.

"செல்வி, மறுபடி ஓட்டும்மா!"

"ஓட்டிக்கினுதான் கீறேன். நீங்க எதையும் தொடாதீங்க சார்!"

நான் மண்டபத்துக்கு ஓடினேன். ஆட்டோவில் பேனர் வந்து இறங்கியபோது மாப்பிள்ளை கார் தெருமுனையில். நானும் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கட்டினேன். சம்பந்தி அண்ணாந்து பார்த்தார். படித்தார்... சிரித்தார்!

பந்தியில் முரளியிடம் நடந்ததைக் கொட்டினேன். "பாத்தியாடா, நம்ம ஸ்கிரீன்ல கோளாறை வெச்சிக்கிட்டு எதிராளியைத் திருத்தக் கிளம்பிடறோம், இல்ல?"

முரளி என் இலையில் இன்னொரு ஜாங்கிரியை வைத்தான்.

"தத்துவம் நல்லாருக்கு. சாப்ட்டுட்டு நேரா வீட்டுக்குப் போ. போட்டோகிராஃபர் லேப்டாப் அந்தப் பக்கம் இருக்கு, அங்க போயிடாத."