என் பேரில் ஓர் ஆப்பரேஷன்

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போ மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"தம்பி... அந்த அடைப்பு எல்லாம் சரியாயிருச்சா?"

பாக்கியம் அக்கா. பழைய எஸ்டேட்காரி. மீன் விற்கும் சீனர்கூட கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

எனக்கு எந்த அடைப்பும் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் என் பேரில் ஓர் ஆப்பரேஷன் நடந்தது உண்மை.

எட்டு வருஷத்துக்கு முந்திய கதை. லகாட் பக்கம் ஓர் எஸ்டேட்டில் அப்போது புல் வெட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் காம்பாரில் ஈயம் தோண்டும் லம்பத்தில், அதற்கும் முன்னால் லாரியில். எங்கே வேலையோ அங்கே பாயை விரிப்பேன். அந்த எஸ்டேட்டில் பாய் விரித்தது காளிமுத்து வீட்டுப் பின்னறையில்.

காளிமுத்து பால்மரம் வெட்டுகிறவன், ரப்பர் மரத்தில் கோடு கீறிப் பால் இறக்குகிற வேலை. அவனுக்கும் அஞ்சலைக்கும் கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. அவன் அம்மா மருமகளைக் கூட்டிப்போகாத கோயில் இல்லை. கடைசியில் பாரிட் புந்தாரில் வேறொரு பெண்ணையே பார்த்துவிட்டார். அப்போதெல்லாம் இரண்டாம் கல்யாணத்துக்குச் சட்டம் குறுக்கே நிற்காது; தடுக்கும் சட்டம் எண்பத்திரண்டில்தான் வந்தது.

அஞ்சலை ஒன்றுதான் கேட்டது. "நான் டாக்டர்கிட்ட காட்டியாச்சு. ஒரு குறையும் இல்லைன்னாரு. நீங்க ஒருக்கா போய்ட்டு வாங்க. அப்புறம் எவளை வேணும்னாலும் கட்டிக்குங்க."

துணைக்கு நான் போனேன். ஈப்போ கிளினிக்கில் நர்ஸ் பேரைக் கேட்டாள். காளிமுத்து கூசாமல் என் பேரைச் சொன்னான்!

"டேய்!"

"சும்மா இரு மச்சான். எவனாச்சும் தெரிஞ்சவன் பாத்துட்டா என் மானம் போயிரும்லா. உனக்கென்ன... கல்யாணமா, காட்சியா?"

சம்சாரம் பேரைக் கேட்டதற்கு மட்டும் அஞ்சலையின் டாக்டர் ரிப்போர்ட்டை நீட்டினான். முதலில் ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். அதைப் பற்றி எழுத மாட்டேன், நீங்கள் குடும்பத்தோடு படிக்கிறவர்கள். விந்தில் ஓர் அணுகூட இல்லை என்றார் டாக்டர். விதையில் சின்னதாய்க் கீறி, துணுக்குச் சதை எடுத்து, உள்ளே உற்பத்தி நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

காளிமுத்துவுக்கு உடனே புரிந்துவிட்டது. "மரத்துல பால் இருக்கான்னு பாக்க கோடு போடப்போறாங்க மச்சான்!"

கோடு போட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் எல்லா இடமும் காலியாக இருந்தது. லகாட் வரை நின்றுகொண்டே வந்தான்.

ரிசல்ட் தபாலில் வரும் என்றார்கள். அங்கேதான் நாங்கள் இருவரும் கோட்டை விட்டோம். எஸ்டேட்டில் தபால் எப்படி வரும்? காலையில் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, பேர் கூப்பிட்டு முடித்ததும், ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி தபாலைக் கொடுப்பார். இங்கிலீஷ் கடிதம் என்றால் அவரே பிரித்து, தமிழில் உரக்கச் சொல்வார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தெரியும். அவ்வளவுதான்.

என் பேரைக் கூப்பிட்டார்.

"உன் விந்துல உயிரணு இல்லையாம்பா. பயப்படாதே... உள்ளே உற்பத்தியாகுது. குழாய்தான் அடைச்சிருக்கு. கோலாலம்பூர்ல ஆப்பரேஷன் பண்ணி ஒட்டிப் பாக்கலாமாம்."

"ஐயோ, கல்யாணமாகாத பிள்ளைக்கா இப்படி!" பாக்கியம் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே மரத்துக்கு நடந்துவிட்டார்; மீதியைப் பிற்பாடு யார் சொல்லியும் நம்பவில்லை.

கிராணி மேலே படித்தார். "உன் சம்சாரம் அஞ்சலைக்கு ஒரு குறையும்..."

நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது. பிறகு வாளியோடு நின்ற அஞ்சலையைப் பார்த்தது. நான் தங்கியிருந்த பின்னறை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"நான் அப்பவே நெனைச்சேன்!" மாமியார் முந்தானையை இழுத்துச் செருகினார்.

அஞ்சலை புருஷனை மட்டும் பார்த்தது. இந்த நிமிஷம் அவன் வாயைத் திறக்காவிட்டால் அஞ்சலை கதி என்ன? யோசிக்கவே பயமாக இருந்தது.

காளிமுத்து தொண்டையைக் கனைத்தான். "கிராணி ஐயா... அது என் லெட்டரு. அடைப்பு எனக்குத்தான். பேரு மட்டுந்தான் அவனுது."

அவன் அம்மா செருகிய முந்தானையை இறக்கிவிட்டார். பாரிட் புந்தார் சம்பந்தம் அந்த வரிசையிலேயே முடிந்தது. அஞ்சலை நேரே நடந்து போய்க் கிராணி கையிலிருந்து கடிதத்தை வாங்கி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டது.

"வெயில் ஏறுது. மரத்துக்குப் போலாம்."

பிள்ளை இல்லையென்றால் பெண்ணை ஊரூராக இழுத்துப்போகிறோம். ஆணை ஒரு பாட்டில் வரை கூட்டிப்போக நாலு வருஷம்... அதுவும் அடுத்தவன் பேரில்!

கோலாலம்பூர் ஆப்பரேஷன் பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம் என்றுதான் சொன்னார்கள். பலித்தது. இரண்டு வருஷம் கழித்துப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காளிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீதான் மச்சான் பேர் வைக்கணும்."

"எந்தப் பேர் வேணும்னாலும் வை," என்றேன். "அப்பன் பேர்னு கேட்டா மட்டும் உன் பேரைச் சொல்லு!"