ஊட்டுப்புரையில் அளந்த அகலம்

தம்பானூரில் சாப்பாட்டுக் கடை வைத்துப் பெரிய ஆளானவர்கள் பலர். மூன்றாம் வகுப்பைத் தாண்டாமல், தேநீர் ஆற்றியே மேலே வந்தவன் நான் ஒருவன்தான். பஸ்ஸை விட்டு இறங்குகிறவரின் நடையைப் பார்த்தே அவருக்கு எவ்வளவு பசி என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நானும் ஒரு கட்டடத்துக்கு முன்னால் திகைத்து நின்றதுண்டு.

பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைக்க வாடகைக்குக் கிடைத்த நல்ல இடம். ஆனால் ரயில் பெட்டி மாதிரி நீளம், அகலம் கிடையாது. மேசையும் பெஞ்சும் போட்டால் பரிமாறுகிறவன் நுழைய முடியாது. திங்கட்கிழமை காலைக்குள் கட்டடக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். விட்டால் ஆயுசு முழுக்க ரோட்டோரத் தேநீர்க் கடைதான்.

அதற்கு முந்தின நாள் ஞாயிறு. பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போவதாக வீட்டுக்காரிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் எப்போதோ கொடுத்த வாக்கு. தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கோட்டைக்குள் நடந்தோம். பழைய ராஜ்யத்தின் தலைநகரம். பிள்ளைகள் கண்ணாடிபோல மின்னும் கறுப்புத் தரையில் முகம் பார்த்தார்கள். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

ஊட்டுப்புரைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ஆயிரம் பேருக்கு இலை போட்ட கூடம் என்றார் காவல்காரர். நீண்டு கிடந்தது.

வீட்டுக்காரி என் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை வாங்கினாள். "கேட்டேளா, அந்தச் சொவர்ல சாஞ்சு இரியுங்க."

"எதுக்குட்டி?"

"இரியுங்கன்னா இரியுங்க."

உட்கார்ந்தேன். என் முதுகிலிருந்து அடிமேல் அடி வைத்துப் பதினோரு அடி எண்ணி, அங்கே பிள்ளைகளை என்னைப் பார்த்து உட்கார வைத்தாள். தம்பானூர்க் கட்டடத்தைப் பார்க்கப் போன அன்றே அதன் அகலத்தைக் காலால் அளந்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. எங்கள் முன்னால் இலைக்குப் பதில் துண்டுகளை விரித்துவிட்டு, தூக்கை வாளிபோலப் பிடித்துக்கொண்டு நடுவே நடந்தாள். ஒரு பக்கம் குனிந்தாள், மறுபக்கம் குனிந்தாள். எங்கும் இடிக்கவில்லை.

"நம்ம கடை என்ன கோயில் ஊட்டா? மேசை இல்லேன்னா எவன் மதிப்பான்?" என்றேன்.

"மேசையவா திங்க வருவாவ?"

மூத்தவள் சிரித்தாள். அங்கே சாப்பிடக் கூடாது என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே காவல்காரர் ஓடி வந்தார். "எணீக்கணும் அண்ணாச்சி. இவிட ஊணு கழிக்கான் பாடில்ல."

"ஊட்டுப்புரையில ஊணு கழிக்காம, பின்ன குளிக்கவா செய்வாவ?" என்றேன் எழுந்துகொண்டே.

"இலை போட்டு விளம்பின காலம் எல்லாம் போயில்லே," என்றார் அவரும் சிரித்துக்கொண்டே.

வெளியே மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். நான் தம்பானூர்க் கட்டடத்தின் நீளத்தைக் கணக்குப் போட்டேன். இரண்டு சுவரோரமும் இரண்டு வரிசை, ஒரு வரிசைக்கு இருபது இலை. பந்தி எழுந்ததும் கூட்டித் துடைத்து அடுத்த பந்தி. இலை போட்டு முடிப்பதற்குள் சோறு வந்துவிடும். பஸ் பிடிக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? இதை யோசித்தவன் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அகலத்தை மட்டும் அளந்தவள் அவள்.

திங்கட்கிழமை காலையில் கட்டடக்காரரிடம் சம்மதம் சொன்னேன்.

"உள்ள எத்தன மேச கேறும்?" என்று கேலியாகக் கேட்டார்.

"ஒண்ணும் கேறாது," என்றேன். அங்கிருந்து நேரே சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன், உட்காரப் போடும் ஓலைத் தடுக்கு நாற்பது வாங்க.