மூன்று அடி, ஓர் இடைவெளி, ஓர் அடி

செங்கோடனுக்கும் அத்தாயிக்கும் இரண்டாவது மகனாக, 1996ஆம் ஆண்டு தை மாதம், மலைமேலுள்ள குண்டனி நாட்டு ஊர் ஒன்றில் மோகன்ராஜ் பிறந்தான். பள்ளிச் சான்றிதழில் ஜூன் என்றிருப்பது தலைமையாசிரியர் தம் வசதிக்காக எழுதியது. சேலத்துக்குப் பொறியியல் படிக்கப் போனவன் படிப்பையும் முடித்தான். டிரம்ஸ் அடிக்கவும் கற்றான். விடுதி நண்பர்கள் மூவரோடு அவன் தொடங்கிய பாப் பங்க் குழுவுக்கு ‘ஓட்டை சைலன்சர்’ என்று பெயர். விரட்டும் கிட்டார், தொண்டை கிழியும் கத்தல், அரியர் வைத்ததையும் காதலில் தோற்றதையும் சொல்லும் மூன்று நிமிடப் பாட்டு, இவ்வளவுதான் அவர்கள் சரக்கு. ஆறு ஆண்டுகள் கல்லூரி விழாக்களில் அதை வாசித்தார்கள். பிறகு சென்னையின் பெரிய இசை நிறுவனம் ஒன்று அவர்களை ஒப்பந்தம் செய்தது.

மோகன்ராஜின் ஊருக்கு ஏறும் மலைப்பாதையை நினைத்து ஆல்பத்துக்கு ‘எழுபது வளைவு’ என்று பெயர் வைத்தார்கள். நிறுவனத்தின் சார்பில் பொறுப்பேற்றிருந்த ஜெனிபர் முதல் பதிவைக் கேட்டுவிட்டு, “நல்லா இருக்கு மோகன். ஆனா இதை எந்த ஊர்ப் பையனும் வாசிச்சிருக்கலாமே. உங்க மலையில சத்தமே கிடையாதா?” என்றார்.

சத்தம் இருந்தது. ஊர் நடுவிலுள்ள பலாமரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்குகிறது. யாராவது இறந்தால் அதில் மூன்று அடி, ஓர் இடைவெளி, ஓர் அடி. கேட்டவர்கள் கையிலிருப்பதை அங்கேயே போட்டுவிட்டு ஊருக்குள் வரவேண்டும். வேறு எதற்காகவும் அதைத் தொடக்கூடாது. மோகன்ராஜ் தொடவில்லை. பெரியப்பா இறந்த அன்று போனில் பதிந்து வைத்திருந்ததை ஒரு பாட்டில் சேர்க்க எடுத்துக் கொடுத்தான். கை படவில்லை, ஆகவே குற்றமில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

ஆல்பம் 2023 ஆகஸ்டில் வெளிவந்தது. பழைய ரசிகர்களே முதலில் பாய்ந்தார்கள். “கோபத்துக்கு இஸ்திரி போட்டுட்டானுங்க” என்று ஒருவன் எழுதினான். “பல்லு தேய்ச்சு, பவுடர் பூசிக்கிட்டு வந்து கத்தறாங்க” என்றான் இன்னொருவன். விமர்சனங்களில் தப்பித்தது ஒரே பாட்டுதான். அந்த இரும்புச் சத்தம் மட்டும் உருப்படி என்றார்கள் எல்லோரும்.

மினி பஸ் ஓட்டும் சந்தோஷ்குமார், நம்ம ஊர்ப் பையன் பாட்டு என்று அதை ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் வைத்தான். பஸ் வளைவு திரும்பும்போது குச்சிக்கிழங்குக் காட்டில் பாப்பாயி களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். செங்கோடனுக்குத் தங்கை முறை. அவள் மகன் அப்போது நாமக்கல் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்திருந்தான். கேட்டது மூன்று அடி, ஓர் இடைவெளி, ஓர் அடி. வரப்பில் ஓடினாள், விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

மோகன்ராஜை வரவழைத்து ஊர்க்கூட்டத்தில் நிறுத்தினார்கள்.

“ஏனுங்க, இவனை என்னத்தக் கேக்கறது? பாட்டாவே பதில் சொல்லுவான்” என்றான் பக்கத்துக் காட்டுக்காரன் வேல்முருகன். சிரிப்பு எழுந்தது.

பாப்பாயி சிரிக்கவில்லை. “எம்பையன் போயிட்டான்னு ஓடுனேன்டா. நீ அதுக்குத் தாளம் போடறியா?”

“தப்புத்தானுங்க அத்தை.”

“தப்புன்னா அந்தப் பாட்டை எடுத்துப்போடு. எடுக்காட்டி ஒண்ணு கேட்டுக்க சாமி. எங்கண்ணன்தான், இருந்தாலும் சொல்றேன். உங்கப்பன் ரெண்டு வருசமா மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கறாரு. நாளைக்கு உங்க ஊட்டுக்கு இந்த இரும்பு அடிச்சா, பாட்டுன்னு நெனச்சுக்கிட்டு எங்க வேலையப் பாப்போம்.”

அப்பனின் சாவுக்கு ஆள் வராமல் போகுமோ என்ற அச்சம் அன்று அவனுக்குள் புகுந்தது. உடனே ஜெனிபரை அழைத்தான்.

“அதையா எடுக்கச் சொல்ற? ஆல்பத்துல அது ஒண்ணைத்தான் யாரும் திட்டல. ஒப்பந்தத்தை ஒருவாட்டி படிச்சுப் பாரு” என்று முடித்துவிட்டார்.

அவன் ஊருக்கே திரும்பி, குழுவை விட்டு விலகினான். பாட்டு விலகவில்லை.

அடுத்த ஆண்டு கார்த்திகையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் செங்கோடன் இறந்தார். சுத்தியலோடு பலாமரத்தடிக்குப் போன மோகன்ராஜ் இரும்பை நிமிர்ந்து பார்த்தான். அடித்து, யாரும் வராவிட்டால்? சுத்தியலை வேரோரம் வைத்துவிட்டு வீடு வீடாக நடந்தான். நாற்பத்தொரு வீடுகள். பதினைந்து வீட்டில் கதவே திறக்கவில்லை. கட்டவிழ்த்தும் கோணலாகவே நின்றுவிட்ட மணிக்கட்டோடு பாப்பாயி வாசலுக்கு வந்தாள்.

“அப்பா போயிட்டாருங்க அத்தை.”

“வாய்ல சொல்றியா? இதையும் போன்ல பதிஞ்சுக்கிட்டியா?” என்று கதவைச் சாத்தினாள்.

உச்சிவேளைக்குள் இருபத்தாறு வீட்டார் வந்திருந்தார்கள். பாப்பாயியும் வந்தாள், அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். காரியம் முடியும்வரை ஒருவரும் மோகன்ராஜின் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாளுக்குப் பிறகு அவனை அழைக்காமலே ஊர் கூடியது. அங்கே என்ன முடிவானது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

மாசி மாதம், ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தான். இரும்புச் சத்தம் கேட்டது. இரண்டு அடி, ஓர் இடைவெளி, இரண்டு அடி. மூன்றும் ஒன்றும் அல்ல என்பதால் கை தானாக அடுத்த கொத்துக்குப் போனது. கீழே பக்கத்துக் காட்டில் எல்லோரும் கூடைகளைப் போட்டுவிட்டு ஊரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அவன் ஏணியிலிருந்து இறங்கி ஓடினான்.

“யார் ஊட்டுலீங்க?”

முன்னால் போன வேல்முருகன் திரும்பவில்லை.

“பாட்டுதாம்ப்பா. கேட்டுக்கிட்டு இரு.”