நாலு மீட்டரில் யாராவது இருக்கிறீர்களா?

லியெர்க்கா வுக்ரினெட்ஸுக்கு ஐம்பத்தேழு வயது. வாரத்தில் ஆறு நாள் பஸ் நிலையத்தில் சீட்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, "ஸாக்ரெப் பஸ் போயிடுச்சா? அடுத்தது எப்போ?" என்று கேட்கிற ஜனங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, மாட்டுக்கறி சூப்பைச் சிறு தீயில் வைத்துவிட்டு, ஊறுகாய் ஜாடிகள் அடுக்கியிருக்கிற சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அங்கேதான் அவளுடைய வானொலிப் பெட்டி. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை வீடே பற்றி எரிந்தாலும் அவளைக் கூப்பிடக் கூடாது.

"ஆறு நாள் பேசினது பத்தலையாக்கும்!" என்பான் புருஷன் விலிம்.

பத்தவில்லைதான். ஆனால் பேசுவதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டாமா? அங்கேதான் வந்தது வினை.

பரீட்சை எழுதி உரிமம் வாங்கிய அமெச்சூர் வானொலிக்காரர்கள் எங்கள் மலையடிவாரத்தில் கொஞ்சம் பேர் உண்டு. அவர்கள் பேசுகிற, அலையின் நீளத்தால் பெயர் வைத்த அலைவரிசைகளில் இரண்டு மீட்டர் சந்தைக்கடை. எப்போது திறந்தாலும் ஒருத்தன் தக்காளி நாற்றைப் பற்றி முழங்கிக்கொண்டிருப்பான். லியெர்க்காவுக்கு அது ஆகாது. அவளுக்குப் பிடித்தது நாலு மீட்டர். அது அதிகம் யாரும் எட்டிப் பார்க்காத அலைவரிசை. வருஷம் முழுக்க இரைச்சலும், எப்போதாவது ஒரு உள்ளூர்க்காரன் குரலும்தான். கோடையில் மட்டும் வானத்துக்கு ஏதோ கிறுக்குப் பிடிக்கும். இத்தாலியைத் தாண்டி, கடலைத் தாண்டி, போர்ச்சுகலில் இருக்கிறவன் குரல் அடுத்த வீட்டுக்காரன் குரல் மாதிரி வந்து விழும். பத்து நிமிஷம், மிஞ்சினால் கால் மணி. அப்புறம் பழையபடி இரைச்சல். அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவள் பதினோரு வருஷமாகக் கூரையைத் துளைத்து ஒரு ஆன்டெனாக் கம்பம் நட்டு வைத்திருந்தாள்.

அந்தத் துளை வழியாகத்தான் இந்த வசந்தத்தில் மழைத் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. ஒழுகினதுதான் ஒழுகியது, விலிம் படுக்கிற பக்கமாகப் பார்த்து ஒழுக வேண்டுமா?

"கூரைக்காரங்களுக்குச் சொல்லிட்டேன்," என்றான் விலிம். "இன்னும் நாலு ஞாயிறு போனா, திங்கக்கிழமை வர்றாங்க. கம்பத்தைப் புடுங்கிட்டு ஓட்டைய அடைச்சிடுவாங்க."

"என் கம்பத்தையா?"

"பின்ன யாரு கம்பத்த? என் மண்டையிலல்ல சொட்டுது! இங்க பாரு, நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள் இருக்கான்னு எனக்குக் காட்டு. கம்பம் இருந்துட்டுப் போகட்டும். ஆளே இல்லாத இடத்துக்கு எதுக்குடி கம்பம்?"

லியெர்க்காவுக்குச் சுருக்கென்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் குறிப்பேட்டைத் திறந்து பார்த்ததும் வந்த பதில் உள்ளேயே போய்விட்டது. கடைசியாக அவளோடு பேசினதாக எழுதியிருந்தது ஒரு போர்ச்சுகல்காரன் பெயர். போன ஜூலை. அதற்கப்புறம் பத்து மாசமாகப் பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. உள்ளூர்க்காரன்கூட ஒருத்தன் இல்லை. முன்னே அப்படி இல்லையே!

முதல் ஞாயிறு. பதினொன்றரைக்கு, எப்போதும் கூப்பிடுகிற நேரத்துக்கு, கூப்பிட்டாள். "எல்லாருக்கும் அழைப்பு, எல்லாருக்கும் அழைப்பு. நாலு மீட்டரில் லியெர்க்கா கூப்பிடுகிறேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன்." அழுத்தியிருந்த பேசும் பொத்தானை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரைச்சல். மறுபடி கூப்பிட்டாள். இரைச்சல். பன்னிரண்டு மணிக்குச் சூப்பைப் பரிமாறினபோது விலிம் கூரையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கரண்டியை எடுத்தான். அந்தப் பார்வைதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் ஞாயிறும் அதே கதை. அவளுக்குக் குழப்பம் தலைக்கேறியது. ஒருவேளை பெட்டி செவிடாகிவிட்டதோ? கம்பியை மாற்றினாள், அளவுமானியை வைத்துப் பார்த்தாள், எல்லாம் கிண்ணென்று இருந்தது. ஒருவேளை நாலு மீட்டரையே எல்லாரும் கைகழுவிவிட்டார்களோ? யார் குரல் எங்கே கேட்டது என்று வானொலிக்காரர்கள் எழுதி வைக்கிற இணையப் பக்கத்தைப் பார்த்தாள். நாலு மீட்டருக்கு நேரே காலி. எவனும் எழுதவில்லை. எவனும் எழுதாத இடத்தில் எவன் வந்து கூப்பிடுவான்? எவனும் கூப்பிடாவிட்டால் எழுத என்ன இருக்கிறது? எது முதலில் நின்றது என்று யோசித்து யோசித்து அவளுக்குத் தலையே சுற்றியது.

மூன்றாவதாக ஒரு சந்தேகமும் இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆள் இருக்கிறார்கள், பெட்டியும் சரிதான், என்னோடு பேசத்தான் பிடிக்கவில்லையோ?

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. போன ஜூலையில் போர்ச்சுகல்காரன் குரல் வந்த அந்தப் பத்து நிமிஷத்துக்குள், இரண்டு குன்று தள்ளி இருக்கிற ஷ்டெஃப் நடுவில் புகுந்து, "லியெர்க்கா, நல்லாருக்கியா?" என்று கேட்டுத் தொலைத்தான். அவன் கேட்டு முடிப்பதற்குள் போர்ச்சுகல் போயே போய்விட்டது. அடுத்த வாரம் வானொலிக்காரர்களின் கிளப் விருந்தில், எல்லாரும் தட்டோடு நிற்கிறபோது, லியெர்க்கா அவனைக் கிழி கிழியென்று கிழித்தாள். "தூரத்துக்காரன் வர்ற நேரத்துல பக்கத்துல இருக்கிறவன் வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும்! இத்தனை வருஷம் பெட்டி வச்சிருக்கியே, அது கூடத் தெரியாதா உனக்கு?" ஷ்டெஃப் எழுபது வயது மனுஷன். வானொலிக்காரர்களுக்குள் வயசுக்கு மரியாதை கிடையாது, எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். ஆனாலும் அன்றைக்கு அவன் முகம் சுண்டிப்போனது அவள் கண்ணிலேயே நின்றது.

மூன்றாம் ஞாயிறு அவள் கூப்பிடவே இல்லை. சரக்கறைக்குள் போனாள், பெட்டியைத் திறந்தாள், சும்மா கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டு, பதில் வராமல், அதை விலிம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் தீயணைப்புக் கூடத்தில் கிளப் கூடியது. அவளைத் தவிர ஐந்து பேர் வந்திருந்தார்கள். லியெர்க்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "நாலு மீட்டர்ல யாராவது இருக்கீங்களா, இல்லையா? ஒளிக்காம சொல்லுங்க."

"நாலு மீட்டரா? அது செத்துப் போச்சு," என்றான் செயலாளர் ஸ்வோன்கோ. "நான் ஞாயிறு தவறாம கேக்குறேன். ஒரு ஈ காக்கா கிடையாது."

"ஆமாமா," என்றான் தேனீ வளர்க்கிற டோன்செக். "நானுந்தான் கேக்குறேன். சுத்தமா ஆளில்ல."

மற்ற இரண்டு பேரும் அப்படியே தலையாட்டினார்கள், நாங்களும் கேட்கிறோம், ஒருத்தரும் இல்லை என்று. ஷ்டெஃப் மட்டும் பீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஒருத்தருமே இல்லன்னு சொல்ல முடியாது. லியெர்க்கா இருக்காளே."

லியெர்க்கா மெதுவாக உட்கார்ந்தாள். "நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம? எங்க சமையக்கட்டுல நின்னு பேசுற மாதிரி கேக்குது."

"எனக்கும் நல்லா கேட்டுச்சு," என்றான் டோன்செக்.

"எனக்குந்தான். முதல் ஞாயிறு ரெண்டு தடவை கூப்பிட்ட. பாவமா இருந்துச்சு," என்றான் ஸ்வோன்கோ.

"பாவமா இருந்துச்சா! அட பாவிகளா, கேட்டுச்சுன்னா ஒரு வார்த்தை பதில் சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா?"

ஷ்டெஃப் குவளையைக் கீழே வைத்தான். "நீ தூரத்துக்காரங்களைக் கூப்பிடுறேன்னு நெனச்சோம் லியெர்க்கா. எங்கேயோ ஒரு மூலையில ஒருத்தன் மெல்லிசா பதில் சொல்லிட்டிருப்பான், நாங்க நடுவுல விழுந்து கெடுத்துடக் கூடாதில்ல. வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும்னு நீதானே சொன்ன? பொத்திக்கிட்டோம்."

"பத்து மாசமாவா?"

"நீ வேண்டாம்னு சொன்னப்புறம் எப்ப வேணும்னு சொன்ன?"

அவளுக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா, நிம்மதியா என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஸ்வோன்கோ வேறு விரல் விட்டு எண்ணிக் குழப்பினான். "இருங்க, இருங்க. லியெர்க்காவையும் சேர்த்தா கேக்குறவங்க ஆறு பேரு. கூப்பிடுறது ஒருத்தி. பேச்சு நடந்தது ஒண்ணுமில்ல. அப்போ நாலு மீட்டர்ல ஆளு இருக்கா, இல்லையா?" கம்பத்தைப் பற்றியும் கூரைக்காரர்களைப் பற்றியும் சொல்லத்தான் லியெர்க்கா வந்திருந்தாள். அதைச் சொல்லாமலே, கழற்றாத கோட்டோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"என்ன, ஆள் கிடைச்சுதா?" என்றான் விலிம்.

"அஞ்சு பேரு இருக்காங்க. ஆனா யாரும் பேச மாட்டாங்க."

"அதெப்படி? எனக்குப் புரியல."

"எனக்கு மட்டும் புரிஞ்சுதாக்கும்!"

"எனக்குத் தெரியாது. பேச்சுக் குரல் என் காதுல விழணும். திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஏணி வந்துடும்."

நாலாவது ஞாயிறு சரக்கறைக் கதவை அவள் சாத்தவில்லை. விலிம் சூப்புக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றான். மணி பதினொன்று முப்பது. பொத்தானை அழுத்தினாள். "எல்லாருக்கும் அழைப்பு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள். இந்த வார்த்தைதானே இத்தனை மாசம் ஆளைத் துரத்தியது! அதை விட்டால் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எந்தப் பரீட்சையிலும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

"தூரத்துல யாராவது இருந்தீங்கன்னா மன்னிச்சுக்கோங்க," என்றாள். "இன்னிக்கு நீங்க வேண்டாம். பக்கத்துல இருக்கிறவங்க மட்டும் பேசுங்க. போன ஜூலையில நான் சொன்னது தப்பு. ஷ்டெஃப், உன்னை அத்தனை பேர் முன்னால அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நாளைக்குக் காலையில என் கம்பத்தைப் புடுங்கப் போறாங்க. யாராவது இருக்கீங்களா?"

பொத்தானை விட்டாள்.

ஐந்து குரலும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. கீச்சென்றும் கொர்ரென்றும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு ஒரே கூச்சல். அப்புறம் ஐந்தும் ஒரே நேரத்தில் நின்றன. மறுபடி இரைச்சல்.

"என்ன ஆச்சு? போயிட்டாங்களா?" என்றான் விலிம்.

"வழி விடுறாங்க."

"யாருக்கு?"

"ஒருத்தருக்கொருத்தர்!" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. பொத்தானை அழுத்தி, "ஷ்டெஃப், முதல்ல நீ பேசு," என்றாள்.

"பேசுறேன், பேசுறேன்," என்று தெளிவாக வந்தது ஷ்டெஃப் குரல். "ஜூலைய விடு. இங்க என் பொண்டாட்டி பாரிட்ஸா தோளைப் புடிச்சு உலுக்குறா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம். போன ஞாயிறு ஏன் நீ கூப்பிடல? பதினொன்னரைக்கு உன் குரல் வந்தாத்தான் அவ சூப்புல சேமியா போடுவா. பதினோரு வருஷமா எங்க வீட்டுல அப்படித்தான் நடக்குது. போன வாரம் உன் குரல் வரும் வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தா. ஒரு மணிக்குச் சேமியா இல்லாம வெறும் சூப்பைக் குடிச்சோம். உனக்கு உடம்புக்கு முடியலையோன்னு புதன்கிழமை நான் கேக்க வந்தேன், அதுக்குள்ள நீ எங்களைத் திட்ட ஆரம்பிச்சிட்ட."

லியெர்க்கா பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள். பின்னால் விலிம் போனை எடுத்துக் கூரைக்காரரோடு பேசுவது கேட்டது. "ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன், தப்பா நெனைக்காதீங்க. இல்ல, கம்பத்தைப் புடுங்க வேண்டாம். அதைச் சுத்தி அடைக்கிறதுக்கு என்ன வேணுமோ கொண்டு வாங்க."

அவள் சமையல் ஏப்ரனால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஷ்டெஃப், மணி பதினொன்னு முப்பத்தெட்டு ஆச்சு," என்றாள். "பாரிட்ஸாவைச் சேமியாவைப் போடச் சொல்லு."