நாங்கள் மலைக்குப் போறம்

கனடாவில், விட்பியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற தேனுகாவிடம், பனிக்கு மேலே ஓடுகிற ஸ்னோமொபில் வண்டிக்கான உடுப்பைப் பற்றி யாராவது கேட்டால், அவள் முதலில் அவர்களுடைய பெனியனைத்தான் விசாரிப்பாள். பருத்தியா என்று கேட்பாள். ஓமென்றால், அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்பாள். பெரியவர், சின்னவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. என்னிடமும் கேட்டிருக்கிறாள். நான் ஸ்னோமொபில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் என்பதால் என் பெனியன் தப்பியது.

நானும் அவளுடைய பஸ் நிற்கிற அதே யார்டில் இருந்து ஓட்டுகிறவன். பெயர் இராசரத்தினம், ஊர் யாழ்ப்பாணம். எனக்கென்று நிரந்தர றூட் இல்லை. யாராவது லீவு போட்டால் அவர்களுடைய றூட்டை ஓடுவேன். அந்த வகையில்தான் தேனுகாவின் கதைக்குள் நானும் கொஞ்சம் மாட்டுப்பட்டேன்.

தேனுகா மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிகுடி. கல்யாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்தபோது அவளுக்கு இங்கே ஒரு சொந்தமும் இல்லை. கணவர் யசிந்தன் பேக்கரியில் வேலை செய்கிறார். அடுப்புச் சூட்டுக்குப் பழகிய மனிதர். மார்கழி பிறந்துவிட்டால் குப்பை வாளியை வாசலில் வைக்கக்கூட மனைவியைத்தான் அனுப்புவார். அவளுக்கோ பனி என்றால் உயிர். முதல் பனி கொட்டிய அன்று சப்பாத்துப் போடாமலே வெளியே ஓடினாளாம். அதை அவர் இன்றைக்கும் ஒரு முறைப்பாடாகவே சொல்லுவார்.

வந்த புதிதில் ஆங்கில வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் பிரதீபா. அவளும் எங்கள் யாழ்ப்பாணம்தான். தேனுகாவைவிட நாலைந்து வயது மூப்பு. தேனுகா அவளை அக்கா என்றாள், அவளுடைய புருஷன் குலசிங்கத்தை அத்தான் என்றாள். தேனுகாவின் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் கூட நின்றது பிரதீபா. குலசிங்கத்தின் தாய் செத்தபோது வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டது தேனுகா. இப்படி வளர்ந்ததுதான் அந்த உறவு.

பேச்சில்தான் முதலில் இடறியது. மட்டக்களப்பில் கேட்கிற ஆளையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம’ என்பார்கள், சேர்க்காவிட்டால் ‘நாங்க’. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. மேடையில் ஏறினால் ‘நாம்’ என்போம், வீட்டுக்குள் எல்லாம் ‘நாங்கள்’தான். ஒரு முறை பிரதீபா தொலைபேசியில், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போறம் என்றிருக்கிறாள். சரி, அவர்கள் போகிறார்கள் என்று தேனுகா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். வாசலில் காரை நிறுத்திக் கோர்ன் அடித்த பிரதீபா, இன்னும் வெளிக்கிடவில்லையா என்று ஏசினாள். பிறகு விசயம் விளங்கி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர்களுடைய ‘நாங்கள்’ என்பதற்குள் நானும் இருக்கிறேன் என்று தேனுகா அன்றைக்குத்தான் படித்தாள். ‘என்ன கா’, ‘நம்மட’ என்ற ஊர்ச் சொல்லெல்லாம் மெல்ல மெல்ல அவள் வாயிலிருந்து கழன்று போயின. பிரதீபா அதைக் கேட்டுச் சிரிப்பதும் ஒரு காரணம்.

குலசிங்கம் வீடு விற்கிற ஏஜென்ற். ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு கட்டிக் குடிபோன கையோடு இரண்டு ஸ்னோமொபில் வாங்கினார். பிரதீபா அவருக்குப் பின்னால் இருந்து ஓடப் பயந்து, துணைக்குத் தேனுகாவைக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸையே திருப்புகிறவளுக்கு இது என்ன பெரிய காரியம். அன்று பின்னேரமே அவள் தனியாக ஓடினாள். அதன்பிறகு பிரதீபாவுக்குப் பழக்கியதும் அவள்தான். ஒவ்வொரு மாரிக்கும் மூன்று பேருமாக வடக்கே போய், மரங்களுக்கு நடுவே வெட்டி வைத்த பாதைகளில் ஓடிவிட்டு வருவார்கள்.

போன கார்த்திகையில் ஸ்ரௌவ்வில் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குலசிங்கம் அந்த வசனத்தைச் சொன்னார்.

"மாசியில நாங்கள் மலைக்குப் போறம். பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு. அங்க பாதை எண்டு ஒண்டும் இல்லை, நினைச்ச பக்கம் ஓடலாம். தேனுகா, உடுப்பு விசயம் முழுக்க உம்மட பொறுப்பு."

அடுத்த நாள் காலை யார்டில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அண்ணை, பாதையே இல்லாத இடம் அண்ணை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அது உடனே விளங்கியது. வருசக்கணக்காக ஒரே தெரு, ஒரே வளைவு, ஒரே தரிப்பு என்று ஓடுகிறவர்களுக்கு அந்தச் சொல்லின் ருசி தெரியும். அவள் பிறந்த இடமும் தட்டையான வயலும் வாவியும். மலையில் ஒரு தரம் ஏற வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயது ஆசை. மாசியில் ஒரு கிழமை லீவு கேட்டு எழுதிக் கொடுத்தாள். அவளுடைய றூட்டை நான் ஓடுவதாக முடிவாயிற்று.

பிறகு தொடங்கியது உடுப்புப் படிப்பு. சாப்பாட்டு நேரத்தில் பஸ்ஸுக்குள் இருந்து எனக்கும் பாடம் எடுத்தாள். வெட்டிய பாதையில் ஓடுகிறவன் சும்மா இருக்கிறான், காற்று வந்து அடிக்கிறது, அவனுக்குப் பஞ்சு வைத்த தடித்த உடுப்பு சரி. மலையில் அப்படியில்லை. எழுந்து நின்று, மெசினைச் சரித்துச் சரித்து ஓட வேண்டும். இடுப்பளவு பனியில் புதைந்தால் இறங்கிக் கிண்டி எடுக்க வேண்டும். வேர்த்துக் கொட்டும். அந்த வேர்வை உள்ளேயே நின்றால், ஓட்டத்தை நிறுத்திய உடனே அதுவே ஆளைக் குளிரில் விறைக்க வைத்துவிடும். ஆகவே வெளி ஜக்கெற்றில் பஞ்சு கூடாது. தண்ணீர் புகாத மெல்லிய துணியாக, அக்குளிலும் தொடையிலும் காற்றுக்குத் திறந்துவிடுகிற ஜிப் வைத்ததாக இருக்க வேண்டும். காற்சட்டை நெஞ்சுவரை ஏறித் தோள்வாரில் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் விழும்போது முதுகுக்குள் பனி போய்விடும். தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதற்கு மேல் இன்னொரு மெல்லியது. கையுறை இரண்டு சோடி. நிறம் தூரத்தில் இருந்தே கண்ணில் குத்த வேண்டும்.

எங்கள் சனத்துக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்துவது லேசான காரியமா? குளிர் நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்கு நல்ல ஜக்கெற் என்றால் தடித்த ஜக்கெற். கடையில் பிரதீபா அந்த மெல்லிய துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, இது மழைக்கோட்டு மாதிரி இருக்கிறதே என்று முகம் சுளித்தாள். குலசிங்கம் பெனியனில் பிடிவாதமாக நின்றார். சின்ன வயதிலிருந்து பெனியன் இல்லாமல் சேட் போட்டதில்லையாம், உடம்பு கூசுமாம். தேனுகா அவரை உடுப்பு மாற்றுகிற அறைக்குள் அனுப்பி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால்தான் மற்றதைத் தருவேன் என்று வாசலில் காவல் நின்றாள். கடைக்காரப் பெடியன் சிரித்தானாம்.

நாலு செற் எடுத்தார்கள். குலசிங்கத்துக்கு ஒன்று, பிரதீபாவுக்கு ஒன்று, பிரதீபாவின் தம்பி ராகுலனுக்கு ஒன்று. நாலாவதற்கு வந்தபோது பிரதீபா ஜக்கெற் தட்டுகளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நாலாவதை உம்மட அளவிலயே எடும்."

தேனுகா கனகாம்பர நிறத்தில் ஒன்றை எடுத்தாள். போட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கினாள், முழங்காலை மடித்துக் குந்தினாள், மெசினில் நிற்பதுபோல் நின்று சரிந்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டதாக எனக்குச் சொன்னாள். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கலாம் என்று பிரதீபா உடுப்புகளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்கிற, சிக்னல் அனுப்புகிற சின்னப் பெட்டி, பீக்கன் என்பது, அதிலும் நாலு வாங்கினார்கள். அதில் இரண்டைப் பழகிப் பார்க்கத் தேனுகா தன்னோடு வைத்துக்கொண்டாள்.

விட்பியில் அவர்களுடைய பின்வளவில் நடந்த கூத்தை நானே கண்டேன். குளிருக்குப் பயந்த யசிந்தன், தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, ஒரு பீக்கனைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டுப் பனிக்குள் புதைத்துவிட்டு உள்ளே ஓடிவருவார். தேனுகா மற்றப் பீக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு தேடுவாள். பக்கத்து வீட்டுக்காரர் யன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். தை மாதம் முழுக்க இதுதான். லீவு கிடைத்ததையும் பழகுவதையும் பிரதீபாவுக்குச் சொல்லியிருக்கிறாள். நல்லாப் பழகும் என்றாளாம் அந்த மகராசி.

பயணத்துக்கு முதல் கிழமை பிரதீபா போன் எடுத்து, பீக்கன்களைக் கொண்டுவரச் சொன்னாள். தேனுகா நாலு பேருக்கும் கம்பளிச் சொக்ஸ் வாங்கிக்கொண்டு போனாள். ஸ்ரௌவ்வில் வீட்டு விறாந்தைக் கண்ணாடிக்கு முன்னால் கனகாம்பர ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ராகுலனுக்குப் புதிதாக நிச்சயம் செய்திருக்கிற நடாஷா. ஸ்னோமொபிலில் ஒரு நாளும் ஏறியிராத பிள்ளை.

"தேனுகா, பொருந்துதோ எண்டு ஒருக்கால் பாரும்" என்றாள் பிரதீபா.

அந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கதவைச் சாத்திவிட்டு ஒளித்துப் போனால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். கூப்பிட்டு, அளவு பார்க்கச் சொல்கிறாள்.

அப்ப எனக்கு என்று கேட்டாள் தேனுகா. பிரதீபா ஆச்சரியப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நீரும் வாறதெண்டு நினைச்சனீரே? நாங்கள் எண்டு இவர் சொன்னது எங்கட வீட்டு ஆக்களையெல்லோ."

லீவு எடுத்ததைச் சொன்னேனே என்று தேனுகா கேட்டதற்கு, வேறு எங்கேயோ போகத்தான் லீவு என்று பிரதீபா நினைத்தாளாம். பீக்கனைப் புதைத்து விளையாடியது எங்கே போகவாம்? அதைத் தேனுகா கேட்கவில்லை. நான் என்றால் கேட்டிருப்பேன்.

அந்தப் பிள்ளை நடாஷாவுக்கு ஒன்றும் தெரியாது. அன்ரி, இது சரியான மெல்லிசா இருக்கு, ஐ வில் ஃப்ரீஸ் என்று குறைப்பட்டாள். தேனுகா அவள் கழுத்தடியில் விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே பருத்தி ரீசேட். கையை எடுக்க முடியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். மலையில் சாகிறது விளையாட்டில்லை, அண்ணை, ஆரெண்டாலும் என்றாள். ஜிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். வேர்க்கத் தொடங்கும் முன்னமே திறந்துவிட வேண்டும் என்றாள். பீக்கனைப் பையில் போடக்கூடாது, உடம்போடு கட்டி அதற்கு மேல்தான் ஜக்கெற் என்று சொல்லி, தன் கையாலேயே நடாஷாவின் நெஞ்சில் வாரை இறுக்கிவிட்டாள். சொக்ஸை மேசையில் வைத்தாள். பிறகு பிரதீபாவைப் பார்த்து, எத்தனையோ காலம் பேசாமல் வைத்திருந்த தன் ஊர்ப் பேச்சில் சொன்னாள்.

"நம்மட ஊரில ‘நாம’ எண்டு ஒரு சொல் இரிக்கு கா. அது உங்கட பேச்சில இல்ல. உங்கட ‘நாங்கள்’ எண்டதுக்குள்ள நானும் இரிக்கன் எண்டு நீங்கதான் எனக்குச் சொல்லித் தந்த. இப்ப நீங்களே இல்லை எண்டுறீங்க."

பிரதீபா ஏதோ சொல்ல வந்தாள். தேனுகா நிற்கவில்லை.

பயணமெல்லாம் முடிந்த பிறகு, பங்குனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் குலசிங்கம் என்னிடம் அகப்பட்டார். நாலு பேருக்குத்தான் வழிகாட்டி ஒத்துக்கொண்டானாம். முதலில் தேனுகா நாலில் ஒருத்திதானாம். மார்கழியில் ராகுலனுக்குப் பெண் சரிவந்ததும் கணக்கு மாறிவிட்டது. தேனுகாவுக்குத் தான் சொல்வதாகப் பிரதீபா சொல்லியிருக்கிறாள். உடுப்பு வாங்கி முடியட்டும், பிறகு சொல்லுறன் எண்டவ என்றார் அந்த மனிதர், கட்லட்டை மென்றுகொண்டே. கடைக்குப் போனது தை பிறந்த கையோடு. அதாவது, அந்த ஜக்கெற்றைப் போட்டுத் தேனுகா குந்தி எழும்பியபோது, அது அவளுக்கில்லை என்று பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியும். நடாஷாவுக்கும் தேனுகாவுக்கும் ஒரே உடம்புவாகு. இவளை வைத்து அவளுக்கு அளவெடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கதை தெரியவருவதற்கு முன்னம், மாசியில், பயணக் கிழமை வந்தது. தேனுகா லீவை ரத்துச் செய்துவிட்டுத் தன் றூட்டையே ஓடினாள். நான் வேலை இல்லாமல் யார்டில் குந்தியிருந்தேன். புதன்கிழமை பிரதீபா தேனுகாவின் போனுக்குப் படம் அனுப்பியிருந்தாள், கீழே கும்பிடுகிற கைப் பொம்மை இரண்டோடு. பளீரென்ற பனியில் நாலு பேர். கனகாம்பர நிறம்தான் முதலில் கண்ணில் பட்டது, அவள் பாடம் எடுத்தபோது சொன்ன மாதிரியே. தேனுகா படத்தை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள். நான் பயந்துபோய், அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அத்தான் பெனியனோடதான் நிக்கார்" என்றாள். "கழுத்தடியில வெள்ளை தெரியுது."

அதற்குச் சிரிக்கிறதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது, பின்னேர ஓட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத்துக் கோப்பிக் கடையைக் காட்டி, வா பிள்ளை, நாங்கள் போய் ஒரு தேத்தண்ணி குடிப்பம் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள். அதில் பகிடி இல்லை.

"நாங்கள் எண்டா, அண்ணை, அதில நானும் இரிக்கனா?" என்று கேட்டாள்.